கவர்னரின் வரலாறும் தலைவரின் வரலாறும்

ஊரைவிட்டு வந்த தமிழ்ச்சனம் நிறைந்த ஸ்காபரோவில் ஒருவர் கண்ணை மூடினால், வீட்டுக்காரர் முதலில் கூப்பிடுவது ஐயரை. அடுத்தது மண்டபக்காரரை. அதற்கடுத்தது, ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த இராஜேஸ்வரி ரீச்சரை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து, வந்த சனத்துக்குச் சாப்பாட்டோடு சேர்த்துக் கையில் கொடுக்கிறார்களே கல்வெட்டுப் புத்தகம், அதில் போனவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுகிறவர் அவர்தான். முன்னுக்குப் படம், பின்னுக்குத் தேவாரம், நடுவில் நாலு பக்கம் வரலாறு. இருபத்தாறு வருடங்களில் முந்நூற்றுச் சொச்சம் பேரை நல்லவர்களாக்கி அனுப்பி வைத்திருக்கிறார்.

ரீச்சர் பொய் எழுதமாட்டார். ஆனால் உண்மைக்கு நல்ல உடுப்புப் போட்டுவிடுவார். பின்னேரம் நாலு மணிக்கே போத்தலைத் திறந்தவர், ரீச்சரின் கையில் ‘நண்பர்களோடு கலகலப்பாகப் பழகும் பண்பாளர்’ ஆகிவிடுவார். கூடப்பிறந்த தம்பியோடு இருபது வருடம் முகம் பார்க்காதவர் ‘கொண்ட கொள்கையில் தளராதவர்’. பிள்ளைகளே கிட்டப் போகப் பயந்த தகப்பன் ‘கண்டிப்பும் கனிவும் ஒருங்கே அமைந்தவர்’. வீட்டுக்காரருக்கு உண்மை தெரியும், வந்த சனத்துக்கும் தெரியும், ஆனாலும் வாசித்துவிட்டு எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

ரீச்சருக்கு இப்போது வயது அறுபத்தெட்டு. ஐந்து வருடங்களாக ஸ்காபரோவுக்கு வடக்கே, ஸ்ரௌவ்வில்லில் மகன் மிதுனனின் வீட்டில் இருக்கிறார். நாலு அறை, இரண்டு கார் விடும் கராஜ், சுற்றிவர அதே நிறத்தில், அதே அளவில் வீடுகள். முன்வாசலில் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஒரு மனிதர் நடக்கக் காணமுடியாது. பால் வாங்குவதென்றாலும் கார் வேண்டும். மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். மிஞ்சுவது ஒரு கார். அதன் திறப்பு ஸ்ரீதரனின் காற்சட்டைப் பையில்.

ஸ்ரீதரன் ரீச்சரின் கணவர். கோவில் நிர்வாகசபையில் பதினெட்டு வருடம் தலைவராக இருந்தவர். பதவி போன பிறகும் எல்லாரும் ‘தலைவர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள், அவரும் அப்படியே இருக்கிறார். ரீச்சருக்கு ஸ்காபரோவில் ஒரு வேலை என்றால் முதல் நாளே சொல்லவேண்டும். சொன்னால், “நாளைக்கு ஏலாது, வியாழன் பாப்பம்” என்பார். வியாழன் வந்தால் அவருக்கு முழங்கால் நோகும். அடிக்கிற மனிதரில்லை, ஏசுகிற மனிதருமில்லை. எல்லாவற்றுக்கும் தானே முடிவெடுக்கிற மனிதர், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானில் ரீச்சருக்கு நாற்பத்து நாலு வருடம் போய்விட்டது.

ரீச்சருக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன், ஸ்காபரோவில் வாடகைக்கு இருந்த காலத்தில், அங்கேயே அஜின்கோர்ட்டில், முதியோருக்குக் குறைந்த வாடகையில் வீடு கொடுக்கிற ஒரு சீனியர்ஸ் பில்டிங்குக்கு விண்ணப்பம் போட்டிருந்தார்கள். முதல் பெயர் ஸ்ரீதரன், இரண்டாவது இராஜேஸ்வரி, தொலைபேசி இலக்கம் ஸ்ரீதரனுடையது. ஸ்ரௌவ்வில்லுக்கு வந்ததும் ஸ்ரீதரன் அதை மறந்துபோனார். ரீச்சர் மறக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் ‘இன்னும் வேண்டும்’ என்று உறுதிப்படுத்த வேண்டும். கணவர் மத்தியானம் படுக்கிற நேரம் பார்த்துக் கொம்பியூட்டரில் ரீச்சர் உறுதிப்படுத்தி வந்தார். பில்டிங்கின் வாசலிலேயே பஸ் நிற்கும். லைப்ரரிக்கு நடந்து போகலாம். கோவிலுக்கு ஒரே பஸ். சிநேகிதி அன்னம் அங்கேதான் நாலாம் மாடியில் இருக்கிறாள்.

மார்ச் மாதம் அன்னம் போன் எடுத்தாள்.

“இராசேஸ், மூண்டாம் மாடியில ஒரு வீடு காலியாகுது. லிஸ்ற் அசையுதாம். உங்கட முறை கிட்ட வந்திருக்கும்.”

அன்றைக்கே ரீச்சர் கணவரிடம் போய் நின்றார். “இஞ்சாருங்கோ, ஹவுசிங் ஒஃபீசில இருந்து போன் வந்தால் என்னட்டத் தாங்கோ.”

“ம்,” என்றார் ஸ்ரீதரன், தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த மாதத்தில்தான் கவர்னர் வந்து சேர்ந்தார். நகரத்துக்குள் பழைய கல்வீடு ஒன்று, இப்போது சின்ன மியூசியம். நூற்றெழுபது வருடங்களுக்கு முன் லோர்ட் ஆர்ட்கரிக் என்ற ஐரிஷ் பிரபு அங்கே குடியிருந்தாராம். அயர்லாந்தின் மேற்கில் மலையும் ஏரியுமாகப் பெரிய பண்ணைக்குச் சொந்தக்காரர். இரண்டு தீவுகளில் கவர்னராக இருந்துவிட்டு இந்த மாகாணத்துக்கு மூன்றாவதாக வந்தவர். அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் பத்து மொழிகளில் கையேடாகப் போடப் போகிறார்கள், தமிழ் உட்பட. அங்கே வேலை செய்கிற பிரதீபா என்ற பிள்ளை, தன் அப்பப்பாவின் கல்வெட்டைப் பார்த்து ரீச்சரைத் தேடிப் பிடித்தாள். கவர்னரின் வரலாற்றுக் குறிப்பையும் அவருடைய நாட்குறிப்பின் பிரதியையும் ஒரு கட்டாக அனுப்பி வைத்தாள்.

ரீச்சர் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு கிழமையில் எழுதி முடித்தார். தனக்குத் தெரிந்த முறையில்தான் எழுதினார். ‘அயர்லாந்து நாட்டின் மேற்றிசையிலே, மலைவளமும் நீர்வளமும் ஒருங்கே கொண்ட ஆர்ட்கரிக் என்னும் பதியிலே, பெருங்குடியில் சிரேஷ்ட புத்திரராக அவதரித்தார்’ என்று தொடங்கி, ‘உற்றார் உறவினரை ஆறாத்துயரில் ஆழ்த்தி இறைபதம் அடைந்தார்’ என்று முடித்தார். இடையில் ஒரு சங்கடம் வந்தது. அயர்லாந்தில் பஞ்சம் வந்த காலத்தில் தன்னுடைய பண்ணையில் குடியிருந்த நாற்பது குடும்பங்களைக் கவர்னர் கிளப்பி வெளியில் விட்டிருந்தார். வழிக்குக் குடும்பத்துக்கொரு ரொட்டி கொடுத்திருந்தார். ரீச்சரின் கை பழக்கதோஷத்தில் எழுதியது: ‘புலம்பெயர்ந்த நாற்பது குடும்பங்களுக்கும் அன்னமளித்து வழியனுப்பி வைத்த கருணையாளர்.’

பிரதீபா போன் எடுத்தாள். சிரிக்கிறாளா கோபிக்கிறாளா என்று முதலில் விளங்கவில்லை.

“அன்ரி, இற்ஸ் சோ பியூட்டிஃபுல், ஆனா… இது ஒரு எவிக்ஷன். அவர் அந்தச் சனத்தை ரோட்டில விட்டவர்.”

“தெரியும் பிள்ளை. செத்தவரைப் பற்றி அப்பிடி எழுதக் கூடாதெல்லே.”

“ஹீஸ் பீன் டெட் ஃபோர் எவர், அன்ரி. ஒருத்தரும் அழமாட்டினம். அவர் தன்ர டயரியில எழுதினதை அப்பிடியே தமிழில போடுங்கோ. நீங்கள் ஒண்டும் கூட்டவேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.”

ரீச்சருக்கு முகம் சிவந்துபோனது. ஊரில் சண்டை வந்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு பையோடு ரோட்டில் இறங்கிய நாள் அவருக்கும் இருக்கிறது. அதை ஒருவன் வழியனுப்பு உபசாரம் என்று எழுதியிருந்தால் வீடு கூட்டுகிற தும்புக்கட்டையால் விளாசியிருப்பார். அதே வேலையைத் தானே செய்துவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

நாட்குறிப்பை மறுபடி முதலிலிருந்து வாசித்தார். இந்த முறை அவரைப் பிடித்து நிறுத்தியது வேறு ஒரு விடயம். கவர்னர் எதையும் ஒளிக்கவில்லை. ‘மலைச்சரிவிலிருந்த நாற்பது குடும்பங்களையும் இன்று அகற்றி முடித்தேன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு ரொட்டி கொடுக்கச் சொன்னேன். குறை சொல்ல இடம் வைக்கவில்லை.’ இதை வேறு ஆட்கள் கண்டுபிடித்து எழுதவில்லை. அவரே, தன் கையால், நல்ல மையில் எழுதியிருக்கிறார். இதெல்லாம் தனக்குப் பெருமை என்று அந்த மனிதர் நினைத்திருக்கிறார்!

பிறகு மனைவியைப் பற்றிய பக்கம் வந்தது. ‘என் மனைவிக்கு அவளுடைய சகோதரி கடிதம் எழுதியிருக்கிறாள். குளிருக்கு முன் ஊருக்கு வரட்டுமாம், கப்பலில் இடமும் பிடித்தாகிவிட்டதாம். வரமாட்டாள் என்று நானே பதில் எழுதிவிட்டேன். முடிவெடுக்கும் சிரமத்தை அவளுக்கு மிச்சப்படுத்தினேன்.’

அந்த அம்மாவின் பெயர் நாட்குறிப்பில் எங்குமே இல்லை. துணைவியாரின் பெயரில்லாமல் ரீச்சர் ஒரு வரலாறும் எழுதியதில்லை. பிரதீபாவைத் தேடச் சொன்னார். இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது: எலினோர். ஒரு தேவாலயத்தின் அடக்கப் பதிவேட்டில் இருந்தது. இங்கே வந்த நாலாவது பனிக்காலத்தில் இறந்திருக்கிறாள். ஊருக்குப் போகவேயில்லை.

ரீச்சர் முழுவதையும் திருப்பி எழுதினார். கவர்னர் சொன்னது கவர்னர் சொன்னபடியே. எலினோரின் பெயரும் இறந்த வருடமும் மட்டும் அவர் சேர்த்தது. பிரதீபா “பெர்ஃபெக்ட்” என்றாள்.

ஏப்ரல் கடைசியில் ஸ்ரீதரனின் பவளவிழா வேலை தொடங்கியது. எழுபத்தைந்தாவது பிறந்தநாள், கோவில் மண்டபம், முந்நூறு பேர், விழா மலர் ஒன்று வெளியிடுவது. மலரில் தலைவரின் வரலாறு வேண்டும், அதை வேறு யார் எழுதுவது? ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர் சாப்பாட்டு மேசையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொல்லச் சொல்ல, ரீச்சர் கொப்பியில் எழுதினார்.

“கோவில் கூட்டத்தில எனக்கு எதிராக் கதைச்ச மூண்டு பேரை ஒரே நாளில வெளியில விட்டனான். அதை எழுதும்.”

எழுதினார்.

“மிதுனன் மிருதங்கம் படிக்கப்போறன் எண்டு ஃபோமோட வந்தவன். கிழிச்சுப்போட்டு அக்கவுண்டிங்கில சேர்த்தனான். இல்லாட்டி இண்டைக்கு இந்த வீடு இருக்குமோ?”

எழுதினார்.

“நீர் கார் பழகவேணும் எண்டு நிண்டனீர். நான் இருக்கேக்க உமக்கென்னத்துக்குக் கார் எண்டு நிப்பாட்டினனான். ஒரு நாள் அலைய விட்டனானோ? அதையும் எழுதும்.” அவர் தேநீரை ஒரு வாய் குடித்தார். “பிறகு இதையும் போடலாம். ரெண்டு கிழமைக்கு முன்னம் ஹவுசிங்காரன் போன் எடுத்தவன். ஏதோ மூண்டாம் மாடியாம், வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லட்டாம். வேண்டாமெண்டு சொல்லிப்போட்டன்.”

ரீச்சரின் பேனை நின்றது.

“என்னெண்டு?”

“வேண்டாமெண்டு. மகன் அரண்மனை மாதிரி வீடு கட்டி வைச்சிருக்கேக்க நாங்கள் ஏன் புறாக்கூட்டுக்க போய்க் கிடக்கவேணும்? சனம் என்ன சொல்லும்?”

“என்னட்டக் கேட்டிருக்கலாமெல்லே.”

“கேட்டால் நீர் யோசிப்பீர். ஏன் உமக்கு உந்தக் கரைச்சல் எண்டுதான் கேக்கேல்லை.” தன்னுடைய கரிசனையில் அவருக்கே ஒரு திருப்தி இருந்தது. “எழுதும், எழுதும்.”

திங்கட்கிழமை ரீச்சர் ஹவுசிங் அலுவலகத்துக்குப் போன் எடுத்தார். மறுமுனையிலிருந்தவர் மரியாதையாகத்தான் கதைத்தார். முதல் விண்ணப்பதாரி மறுத்துவிட்டார், அந்த வீட்டை வேறு ஆளுக்குக் கொடுத்தாகிவிட்டது, கோப்பு மூடியாகிவிட்டது. விருப்பமென்றால் புதிதாக விண்ணப்பிக்கலாம். எவ்வளவு காலமெடுக்கும் என்று ரீச்சர் கேட்டார். பன்னிரண்டு வருடம், கூடவும் ஆகலாம் என்றார் அவர். ரீச்சர் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதார். வேலையால் வந்த மகனிடம் சொன்னபோது, “இஞ்ச என்னம்மா குறை?” என்று கேட்டான். அவன் பாசத்தில்தான் கேட்டான். குளிர்சாதனப்பெட்டி நிறையச் சாமான் இருக்கிற வீட்டில் மூச்சு முட்டுகிறது என்று எப்படிச் சொல்வது?

அந்தக் கிழமை முழுவதும் அவர் யன்னலருகே உட்கார்ந்து தலைவரின் வரலாற்றை எழுதினார். கை தன்பாட்டில் பழைய தடத்துக்கே போனது. ‘குடும்ப நலனையே தன் நலனாகக் கருதி’ என்று எழுதி, வெட்டினார். ‘தூரநோக்கோடு’ என்று எழுதி, அதையும் வெட்டினார். அவருக்குக் கோபம் நெஞ்சு நிறைய இருந்தது, ஆனால் கோபத்திலும் ஒரு சொல்லைக் கூட்டவில்லை. கணவர் சொன்னது சொன்னபடி, எழுத்துத் தமிழில், வரிசையாக. முடித்துப் பார்த்தபோது ஒன்றரைப் பக்கம்தான் வந்திருந்தது.

அச்சுக்குப் போகுமுன் பிரதியைக் கணவரிடம் கொடுத்தார். எடுத்து எறிந்தாரென்றால் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தார். ஸ்ரீதரன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனையோடு இரண்டு தரம் வாசித்தார். ஒரு இடத்தில் ‘தலைவர்’ என்றிருந்ததை ‘பெருந்தலைவர்’ என்று திருத்தினார். ஒரு வருடத்தைச் சரிசெய்தார். கடைசியில் ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார்.

“கொஞ்சம் சுருக்கமாப் போச்சு,” என்றார். “ஆனால் எல்லாம் வந்திருக்கு.”

ரீச்சர் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். அன்று பின்னேரமே அது அச்சுக்குப் போனது.

ஜூன் மாதத்து ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. மேடையில் அலங்காரக் கதிரை. அதில் பட்டுவேட்டி, பொன்னாடை, கழுத்தில் இரண்டு மாலையோடு ஸ்ரீதரன். ரீச்சருக்கு முன்வரிசையில் இடம், பக்கத்தில் மிதுனன், பின்வரிசையில் அன்னம். மலர் எல்லார் கையிலும் இருந்தது. வழக்கம்போல ஒருவரும் திறக்கவில்லை. நிகழ்ச்சியை நடத்திய கீதன் வானொலியில் செய்தி வாசிக்கிறவர். கணீரென்ற குரல். ‘நம் பெருந்தலைவர் கடந்துவந்த பாதை’ என்று அறிவித்துவிட்டு மலரை விரித்தார்.

மூன்று பேரை வெளியேற்றிய இடத்தில் கைதட்டு விழுந்தது. அந்த மூவரில் ஒருவர் மண்டபத்திலேயே இருந்தார், அவரும் ஒப்புக்குத் தட்டினார். ‘மகன் மிருதங்கம் பயில விரும்பியபோது விண்ணப்பத்தைத் தாமே கிழித்து அவரைக் கணக்கியலில் சேர்த்தார்.’ பாதிக் கைதட்டு. மிதுனன் தலையைக் குனிந்து தன் விரல்களைப் பார்த்தான். ‘துணைவியார் கார் ஓட்டப் பழக விரும்பினார். தாம் இருக்கும்வரை அது தேவையில்லை என்று நிறுத்தினார்.’ பெண்கள் பக்கத்தில் சின்னச் சலசலப்பு, ஒரு சிரிப்பு. கீதன் ஒரு கணம் தாளிலிருந்து கண்ணை எடுத்தார். ஆனால் மேடையில் நின்று கொண்டு பாதியில் விடமுடியுமா? பழகிய குரல், அழுத்தம் திருத்தமாகத் தொடர்ந்து வாசித்தது.

‘பன்னிரண்டு வருடங்கள் காத்திருந்தபின் அஜின்கோர்ட்டில் வீடு கிடைத்தது. அதை வேண்டாம் என்று அறிவித்தார். கேட்டால் யோசிப்பார் என்பதால் துணைவியாரிடம் கேட்கவில்லை.’

ஒருவரும் கைதட்டவில்லை. பின்னால் வடைத்தட்டோடு வந்த பொடியன் நடுவழியில் நின்றுவிட்டான். அன்னத்தின் குரல் மட்டும் மண்டபம் முழுக்கக் கேட்டது.

“இராசேஸ், உண்மையாக் கேக்கேல்லையோ?”

“இல்லை,” என்றார் ரீச்சர். திரும்பிப் பார்க்கவில்லை.

மேடையிலிருந்த ஸ்ரீதரனின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அது மறக்காது. அவரே சொன்னது, அவரே திருத்தியது, அவரே கையெழுத்து வைத்தது. ஆனால் இன்னொருவருடைய வாயால் முந்நூறு பேருக்கு முன்னால் கேட்பது அதுதான் முதல் தடவை. எழும்பவும் முடியாது. மாலையும் பொன்னாடையும் கிடக்க, சனம் பார்த்துக்கொண்டிருக்க, எழும்பி எங்கே போவது? அடுத்த ஒரு மணித்தியாலமும் வாழ்த்துரை கேட்டபடி அந்தக் கதிரையிலேயே இருந்தார். ஒவ்வொருவராக மேடைக்கு வந்து கைகொடுத்தார்கள், கண்ணைப் பார்க்காமல். ரீச்சருக்குச் சந்தோசமாக இருந்ததா என்றால், இல்லை. பாவமாகத்தான் இருந்தது. இப்படிப் பாவம் பார்த்துப் பார்த்துத்தான் நாற்பத்து நாலு வருடம் போனது என்பதும் நினைவுக்கு வந்தது.

திரும்பி வரும்போது காரில் அவர்கள் இருவர் மட்டும். மிதுனன் மண்டபத்தில் கணக்கு முடிக்க நின்றுவிட்டான். கார் ஸ்காபரோவின் எல்லையான ஸ்ரீல்ஸ் வீதியைத் தாண்டியது.

“உப்பிடி எழுதியிருக்கக் கூடாது நீர்,” என்றார் ஸ்ரீதரன்.

“நீங்கள் சொன்னதைத்தானே எழுதினனான்.”

“எல்லாருக்கும் எவ்வளவு வடிவா எழுதுறனீர். பெண்சாதி எண்டு எனக்குக் கொஞ்சம்…”

ரீச்சர் வெளியே பார்த்தார். வீடுகள் முடிந்து வயல்கள் வந்துவிட்டன. இதற்கப்பால் பஸ் இல்லை.

“நான் புதுசா அப்ளிகேஷன் போட்டிட்டன்,” என்றார். “இந்தமுறை என்ர பேர் மட்டும்தான். நம்பரும் என்ர நம்பர்தான்.”

கார் கொஞ்சம் மெதுவானது. பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான். ஸ்ரீதரன் இரண்டு கையாலும் ஸ்ரியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“எப்ப கிடைக்குமாம்?”

“பன்னிரண்டு வருசத்தில. கூடவும் ஆகலாமாம்.”

அவர் மனத்துக்குள் கூட்டிப் பார்ப்பது ரீச்சருக்குத் தெரிந்தது. எழுபத்தைந்தும் பன்னிரண்டும். அறுபத்தெட்டும் பன்னிரண்டும். இரண்டு கூட்டலும் நல்ல விடை தரவில்லை.

“அதுவரைக்கும்?” என்று கேட்டார். நாற்பத்து நாலு வருடத்தில், பதில் என்னவென்று தெரியாமல் அவர் மனைவியிடம் கேட்ட முதல் கேள்வி அது.

“அதுவரைக்கும் உங்களோடதான்,” என்றார் ரீச்சர். “வேற எங்க போறது?”